முழுக்கை மாப்பிள்ளையின் வலது கண்

மார்ச் 4

சகலை அவர்களுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. அக்காவும் தங்கையும் தினமும் போனில் பேசிக்கொள்வதில் உங்கள் வீட்டுக் குழாய் எப்போது ஒழுகுகிறது என்பது வரை எனக்குத் தெரிந்துவிடுகிறது.

போன் செய்யாமல் எழுதுவதற்கான காரணம் உங்களுக்கே தெரியும். நாம் இருவரும் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் குரல் உயர்கிறது, ஐந்தாவதில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறார். போன மாதம் வைத்தது நான், அதற்கு முன் நீங்கள். "எதுவா இருந்தாலும் எழுதிக்குங்க, அக்கா தங்கச்சிய நடுவுல இழுக்காதீங்க" என்று என் வீட்டம்மா சொல்லிவிட்டாள். உங்கள் கடைக்கு லென்ஸ் பார்சல் கொண்டுவரும் இரவு பஸ்ஸின் டிரைவர், கடிதத்தையும் சேர்த்துக் கொண்டுவருவதாகச் சொன்னார்.

விஷயம் கண்ணாடிதான். நீங்கள் மாற்றி அனுப்பிய இரண்டாவது கண்ணாடியும் சரியில்லை. வலது கண்ணில் எல்லாம் புகை படிந்த மாதிரி தெரிகிறது. சாயங்காலம் ஆனால் நெற்றிப்பொட்டு விண்விண் என்று தெறிக்கிறது. நான் உட்காரும் துறைமுகக் கிரேன் கேபினுக்குத் தரையே கண்ணாடி. கால்களுக்கு நடுவே குனிந்து, ஒன்பது மாடி உயரத்திலிருந்து கீழே லாரி மேல் கன்டெய்னரை இறக்க வேண்டும். தண்ணீரில் பட்டு வரும் வெயில் கண்ணில் ஊசி ஏற்றுகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டால் கீழே கை காட்டுகிறவன் தெரிவதில்லை. போடாவிட்டால் கண்ணைத் திறக்க முடிவதில்லை.

ஜனவரியில் மாமனார் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது இதே கண் சிவந்ததும், உங்கள் கடை மாடியில் இருக்கும் கண் டாக்டரிடம் நீங்களே கூட்டிப்போனதும் நினைவிருக்கும். அவர் கொடுத்த சொட்டு மருந்தில் சிவப்பு போனது. பிறகு உங்கள் கண்ணாடி வந்தது, சிவப்பும் திரும்பி வந்தது. வேறு எதைச் சொல்லட்டும்?

அளவு எடுத்ததில் தப்பு என்று ஒப்புக்கொண்டு சரியான கண்ணாடியை அனுப்புங்கள். ஊர் முழுக்கச் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
நீங்கள் பெயர் வைத்த முழுக்கை மாப்பிள்ளை


மார்ச் 9

அருமைச் சகலைக்கு,

கடிதம் வந்தது. கடையில் கூட்டமாக இருந்தபோது பிரித்துவிட்டேன். முகம் போன போக்கைப் பார்த்து, கண்ணாடி வாங்க வந்த டீச்சரம்மா தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள்.

இருபத்திரண்டு வருடமாக இந்த ஊர்க்காரர்களின் கண்ணை அளக்கிறேன். மாமனார் கண்ணாடி போடாமல் கண்ணாடியைத் தேடுவார். அவருக்கே நான் போட்ட கண்ணாடி சரியாக இருக்கிறது. உங்கள் ஒருவருக்கு மட்டும் நான் அளக்கத் தெரியாதவனாகிவிட்டேனா? எடுத்த அளவைத் திரும்பவும் சரிபார்த்தேன். இடது கண்ணுக்கு அணு பிசகவில்லை. வலது கண்ணை ஜனவரியில் மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் வேறு வேறாக வந்தது. நீங்கள் அசைகிறீர்கள் என்று திட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? அசையவில்லை என்று நீங்களும் திட்டினீர்கள்.

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு இதற்குப் பதில் எழுதுங்கள். நல்ல கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் மட்டும் பார்த்தால் எப்படி இருக்கிறது? பீளை தள்ளுகிறதா? சிவப்பு கண் முழுக்க இருக்கிறதா, அல்லது கருவிழியைச் சுற்றி மட்டும் வளையம் போட்ட மாதிரியா? கண்ணாடி தப்பென்றால் கழற்றியதும் வலி போக வேண்டும். போகிறதா?

நான் டாக்டர் இல்லை. கண்ணாடி விற்கிறவன். ஆனால் கண்ணாடி தப்பாக இருந்தால் தலை வலிக்கும், எரிச்சல் வரும், வெளிச்சத்தைக் கண்டு கண் ஓடி ஒளியாது. உடனே ஒரு கண் டாக்டரிடம் காட்டுங்கள். அங்கேயே காட்டலாம், துறைமுகத்து ஆஸ்பத்திரியில் ஓசியில் பார்ப்பார்களே.

வெயில் உடம்புக்கு ஆகாதென்று கொளுத்தும் மதியத்திலும் மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு வருகிறவர் நீங்கள். கண்ணுக்கும் ஒரு முழுக்கை தைத்துப் போட்டுவிடலாமா என்று என் வீட்டம்மாவிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "அவர்ட்ட இனி அந்தப் பேச்சு வேணாம்" என்றாள். ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள்.

பதில் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகலை


மார்ச் 17

சகலைக்கு,

கேட்டதற்குப் பதில். பீளை இல்லை. வளையம் போட்ட மாதிரிதான். கண்ணாடியைக் கழற்றினாலும் வலிக்கிறது. நல்ல கண்ணை மூடினால் எதிரே நிற்பது ஆள் என்று தெரிகிறது, யார் என்று தெரிவதில்லை. பூச்சி பறக்கிற மாதிரி கறுப்புப் புள்ளிகள் வேறு ஓடுகின்றன. கையால் ஓட்டினேன். கேபினில் யாரும் இல்லாதது நல்லதாயிற்று.

மருந்துக் கடையில் சிவப்பு போகும் சொட்டு ஒன்று வாங்கி ஊற்றுகிறேன். சிவப்பு கொஞ்சம் போகிறது, வலி போகவில்லை.

இதை எழுதவா வேண்டாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேற்று ஒரு கன்டெய்னரை லாரி மேல் இறக்கும்போது ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டேன். லாரியின் தலைப்பக்கம் நசுங்கியது. டிரைவர் டீ குடிக்க இறங்கிப் போயிருந்தான். திரும்பி வந்து லாரியைப் பார்த்தான், அப்புறம் அண்ணாந்து என்னைப் பார்த்தான். அவன் திட்டியிருந்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும். காற்றடித்தது என்று மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறேன். நேற்றுக் காற்றே இல்லை.

துறைமுகத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வது சுலபம். அங்கே கண் என்று சீட்டு எழுதினால் சாயங்காலத்துக்குள் என்னைக் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். இந்த வேலையைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது.

எனக்குத் தெரிந்து இது அந்த ஊசியின் வேலை. உடம்பு சூட்டைக் கண்ணில் கொண்டுவந்து இறக்குகிறது. அதனால் ஊசியை நிறுத்திவிட்டேன். கொஞ்ச நாளில் சரியாகும்.

இந்தக் கடிதத்தில் உள்ளதை வீட்டில் சொல்ல வேண்டாம். சட்டையைப் பற்றியும் இனி எழுத வேண்டாம்.


மார்ச் 21

சகலை,

எந்த ஊசி?

இரண்டு நாளாக இதே கேள்விதான். போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. திரும்பச் செய்தேன், அணைத்து வைத்திருக்கிறீர்கள். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னவர் நீங்கள். அப்புறம் எதற்கு ஊசி?

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை நீங்களே ஒரு தடவை பார்த்திருந்தால் அனுப்பியிருக்கமாட்டீர்கள். ஒரு வரியின் தோள்மேல் இன்னொரு வரி ஏறி உட்கார்ந்திருக்கிறது. அச்சுப் போட்ட மாதிரி எழுதுகிற மனுஷன் நீங்கள்.

உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று ஞாபகம் வந்தது. ஜனவரியில் வெறும் ஃப்ரேமைப் போட்டுப் பார்க்க நீட்டினேன். நீங்கள் வாங்கும்போது உங்கள் விரல் நகங்களைப் பார்த்தேன். தையல்காரர்கள் விரலில் மாட்டும் தொப்பியில் இருக்குமே, அந்த மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள். மோதிர விரல் மட்டும் அடியிலிருந்து நுனி வரை தடித்திருந்தது. கதவில் நசுங்கியதா என்று கேட்டேன். ஆமாம் என்றீர்கள். கதவில் நசுங்கினால் நகத்தில் எப்படிக் குழி விழும் என்று அப்போது தோன்றவில்லை.

மாடிக்குப் போய் டாக்டரிடம் சொன்னேன். நகம், விரல், ஊசி, வளையம் போட்ட சிவப்பு, எல்லாவற்றையும். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். "அவருக்கு சொரியாசிஸ் இருக்கா? மூட்டு வலி உண்டா? நான் அன்னைக்கே கேட்டேனே, தோல்ல, மூட்டுல ஏதாவது இருக்கான்னு. இல்லைன்னாரே" என்றார்.

ஆமாம், கேட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். உங்கள் பக்கத்து நாற்காலியில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. நீங்கள் முதலில் என்னைப் பார்த்தீர்கள், பிறகுதான் "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்" என்றீர்கள்.

நான் இருந்ததால் சொல்லவில்லையா?

அதற்குப் பதில் அப்புறம் எழுதலாம். முதலில் இதைக் கேள். சொரியாசிஸ் மூட்டில் இறங்கினவர்களுக்குச் சில சமயம் கண்ணுக்கு உள்ளேயும் அழற்சி வருமாம். மேலே சிவந்து போகிற மெட்ராஸ் ஐ மாதிரி இல்லை, உள்ளே. விட்டுவைத்தால் கண் பாப்பா பின்னால் இருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், பார்வை போகும். போனது திரும்புமா என்று கேட்டேன். "சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்றார்.

பயத்தில் நீ என்று எழுதிவிட்டேன். அதை அடித்துத் திருத்தப் போவதில்லை. இன்றைக்குக் கிரேனில் ஏறாதே. ஏறினால் நானே துறைமுகத்துக்குப் போன் செய்வேன். பகை வந்தாலும் பரவாயில்லை.


மார்ச் 24

சகலைக்கு,

கிரேனில் ஏறவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டு, உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன். வரி ஏறி உட்காரக் கூடாதென்று அட்டையை வைத்து வைத்து எழுதுகிறேன்.

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். எனக்குச் சொரியாசிஸ் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. இரண்டு முழங்கையிலும், காதுக்குப் பின்னாலும், முதுகில் ஒரு கை அகலத்துக்கும். ஒட்டுகிற நோய் இல்லை. பெண் பார்க்க வந்த அன்றே தனியாகக் கூப்பிட்டு என் வீட்டம்மாவிடம் காட்டிவிட்டேன். "இதுக்கா இவ்வளவு வேர்த்துப்போச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவளைத் தவிர யாரிடமும் சட்டையை மடித்ததில்லை.

கல்யாணம் ஆன முதல் கோடையில் மாமனார் வீட்டில் எல்லாரும் பனியனோடு உட்கார்ந்திருந்தோம், என்னைத் தவிர. நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். "நம்ம சகலை குளிக்கும்போதாவது சட்டையைக் கழட்டுவாரா?" என்று. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் குழந்தைகள் முழுக்கைச் சித்தப்பா என்று கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வருடமாகக் கூப்பிடுகிறார்கள். கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இருந்தது.

எந்த நாற்காலியிலிருந்து எழுந்தாலும் அதைக் கையால் துடைத்துவிட்டுத்தான் நகர்வேன். தோல் உதிர்ந்து வெள்ளையாகக் கிடக்கும். சின்ன மாப்பிள்ளை எவ்வளவு சுத்தம் பார்க்கிறார் என்று மாமியார் மெச்சிக்கொள்வார்கள். நீங்களும் ஒருநாள், "கடைக்கு வந்து துடைச்சுக் குடுங்களேன்" என்றீர்கள்.

மூட்டு வலி மூன்று வருடமாக. காலையில் விரல் மடங்காது. வெந்நீரில் கையை வைத்துக் காத்திருந்தால்தான் கிரேனின் கைப்பிடி பிடிக்க வரும். குதிகாலில் ஆணி அடித்த மாதிரி இருக்கும். மூட்டு டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதினார். நன்றாகத்தான் கேட்டது. முதல் நாளே அவர், "கண்ணு சிவந்தா, மங்கலா இருந்தா உடனே சொல்லணும்" என்றார். பஸ்ஸில் படியில் நிற்காதீர்கள் என்று சொல்வார்களே, அந்த மாதிரி எல்லாரிடமும் சொல்வது என்று விட்டுவிட்டேன். கைக்குப் பார்க்கிறவருக்குக் கண்ணில் என்ன வேலை?

அன்று கண் டாக்டர் கேட்டதும் வாய் வரை வந்தது. திரும்பிப் பார்த்தேன், நீங்கள் இருந்தீர்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று நான் பயப்படவில்லை. வீட்டுக்குப் போனதும் எல்லாரிடமும் என்ன சொல்லிச் சிரிக்க வைப்பீர்கள் என்றுதான் பயந்தேன். ஒரு சிரிப்புக்குப் பயந்து கண்ணைக் கொடுத்துவிட்டேனோ என்று இந்த இருட்டில் உட்கார்ந்து யோசிக்கிறேன்.

ஊசியை நிறுத்தியதிலிருந்து விரலும் வீங்கிவிட்டது. வலது கண்ணில் வெந்நீர் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல்தான் எல்லாம் தெரிகிறது. காலையில் என் வீட்டம்மா வந்து நின்றாள். வலது கண்ணால் மட்டும் பார்த்தேன். புடவையின் நிறம் தெரிந்தது, முகம் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது சகலை. இதை அவளிடம் சொல்லவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை உங்கள் டாக்டரிடம் வருகிறேன். மூட்டு டாக்டரின் சீட்டுகளையும் எடுத்து வருவேன். ஒரே ஒரு நிபந்தனை. நீங்கள் அறைக்குள் வரக் கூடாது.


மார்ச் 25

தம்பி,

செவ்வாய் வரை கிடையாது. நாளைக்குக் காலையில் முதல் ஆளாகப் பார்ப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். இதைக் கொண்டுவருகிற டிரைவர் இன்று ராத்திரியே திரும்புகிறார். அவருக்குப் பக்கத்து சீட் உனக்கு. நீ வண்டி எதையும் ஓட்டாதே, சைக்கிள் கூட.

வீட்டில் சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். என் வீட்டம்மா உன் வீட்டம்மாவிடம் பேசிவிட்டாள், அவளும் கூட வருகிறாள். கோபப்படுவதானால் வந்து நேரில் படு.

நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கடையைப் பாதியில் மூடிவிட்டேன். அந்தச் சிரிப்புகளைப் பற்றி எழுத உட்கார்ந்து ரெண்டு தாளைக் கிழித்தாயிற்று. நான் எதை எழுதினாலும் கடைசியில் ஒரு வேடிக்கை வந்து ஒட்டிக்கொள்கிறது. என் கை அப்படிப் பழகிவிட்டது. அதனால் எழுதவில்லை.

நிபந்தனைக்குச் சம்மதம். மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன்.


ஏப்ரல் 19

சகலைக்கு,

இன்னும் அட்டை வைத்துத்தான் எழுதுகிறேன், பழக்கம். எழுத்து நேராக இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்று நடந்ததெல்லாம் நீங்கள் கூட இருந்து பார்த்ததுதான். ஆனால் என் நாற்காலியிலிருந்து பார்த்தது உங்களுக்குத் தெரியாது. மாடிப்படியில் நான் தடுமாறியதும் என் வீட்டம்மாவை முந்திக்கொண்டு நீங்கள் கையைப் பிடித்தீர்கள். உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, சொன்ன சொல் தவறாமல் வெளியே போகத் திரும்பினீர்கள். அந்த நேரம் பார்த்து டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார்: "தோல்ல, மூட்டுல ஏதாவது இருக்கா?"

உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. பழுப்பாக ஒரு சட்டை மட்டும் நகர்ந்தது. அதை எட்டிப் பிடித்து "உட்காருங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று அன்று நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் வெளியே இருக்கும்போது மட்டும் சொல்லக்கூடியதாக அது இருந்தால், அடுத்த தடவையும் எங்காவது மறைப்பேன் என்று தோன்றியது. அதனால்தான்.

கையைக் காட்டச் சொன்னார். மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்ற விரல் மடங்கவில்லை. நீங்கள் கழற்றினீர்கள். முழங்கை வரை மடித்தும் விட்டீர்கள். வெள்ளையாக உதிர்ந்தது உங்கள் பேண்ட் மேல் விழுந்தது, நீங்கள் தட்டிவிடவில்லை. பன்னிரண்டு வருடத்தில் உங்கள் வாய் சும்மா இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போதைய நிலைமை இது. மணிக்கொரு தடவை விட்ட சொட்டு, இப்போது நாளுக்கு நான்கு தடவை. நானாக நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைப்பார்களாம். அந்த மருந்தே கண்ணில் அழுத்தத்தை ஏற்றலாம் என்பதால் அதையும் அளக்கிறார்கள். பாப்பா ஒட்டியிருந்த இரண்டு இடத்தில் ஒன்று விட்டுவிட்டது. இன்னொன்று விடவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால் வலது பாப்பா ஓரத்தில் கடித்துவிட்ட மாதிரி இருக்கிறது. அது அப்படியே இருக்கும் என்கிறார் கண் டாக்டர். போர்டில் கடைசி வரிசைக்கு மேல் வரிசை வரை படிக்கிறேன். கடைசி வரிசை வருமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். இந்தப் பார்க்கலாம் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

நானாக ஊசியை நிறுத்தியதைக் கேட்டு மூட்டு டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். கண்ணைக் கெடுத்தது ஊசி இல்லையாம், அதே நோய்தானாம். இப்போது கண்ணுக்கும் சேர்த்து அவர் வேறு ஊசி எழுதியிருக்கிறார். இரண்டு டாக்டர்களும் இப்போது ஒருவருக்கொருவர் போனில் பேசிக்கொள்கிறார்கள். நம்மைவிடப் பரவாயில்லை.

துறைமுகத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன், காற்றடிக்கவில்லை என்பதையும் சேர்த்து. இப்போது கீழே நின்று கை காட்டுகிறேன். மேலே உட்கார்ந்திருப்பவன் புதுப் பையன். அவன் கன்டெய்னரை இறக்கும்போதெல்லாம் லாரி டிரைவர்களை முதலில் இறங்கி நிற்கச் சொல்கிறேன். எப்போது திரும்ப ஏறுவேன், ஏறுவேனா என்பது தெரியாது.

கடிதத்தை இங்கே முடித்து மடித்துவிட்டேன். பிறகு முகம் கழுவப் போனவன் வந்து மறுபடி பிரித்து எழுதுகிறேன். இடது கண் சிவந்திருக்கிறது. கருவிழியைச் சுற்றி மட்டும். இது நல்ல கண். விளக்கைப் பார்த்தேன், கூசுகிறது. அவசரத்தில் அட்டை நழுவிவிட்டது, கீழே வரி கோணலாக இருந்தால் காரணம் அதுதான்.

என் வீட்டம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். பஸ் நிலையத்தில் டிரைவரிடம் இதைக் கொடுத்துவிட்டு, நேரே இங்குள்ள கண் டாக்டரிடம் போகிறோம். முன்பின் தெரியாதவர். அவர் கேட்கும் வரை காத்திருக்கப் போவதில்லை, நானே சொல்லிவிடுவேன். போட்டிருப்பது அரைக்கைச் சட்டை. போன வாரம் வாங்கியது, இன்றுதான் பிரித்தேன். கைகளில் காற்றுப் படுவது ஒரு மாதிரியாக இருக்கிறது.